ஏழாம் எண் குளியாளி

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் தினமும் காலை ஒன்பது மணிக்கு, வாசகர்கள் உள்ளே வருவதற்கு முன்னால், கட்டுரைகளுக்கு உயிர் கொடுப்போம். ஆளுக்குப் பத்து. நூலகர் தொடங்கி, தூசு தட்டும் ஊழியர் செபஸ்தியம்மா வரை ஆறு பேரும் ஆறு திரைகளுக்கு முன் உட்கார்ந்து, யாரும் சீண்டாத ஆய்வுக் கட்டுரைகளைத் திறந்து வைத்து ஒவ்வொன்றையும் மூன்று நிமிடம் பார்த்துக்கொண்டிருப்போம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஏதோ தியான வகுப்பு நடப்பதுபோல் இருக்கும்.

எல்லாம் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு வந்த உலகப் பெட்டகம் செய்த வேலை. இன்றைக்கு உலகத்தின் ஆய்விதழ்கள் மொத்தமும் அந்த ஒரே இடத்தில்தான் சேமிப்பில் இருக்கின்றன. காகிதப் பிரதிகள் ஆலைக்குப் போய் அட்டைப்பெட்டியாகிவிட்டன. பெட்டகத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு சூட்டெண் உண்டு. எத்தனை தடவை மனிதக் கண் அதைப் பார்த்தது என்ற எண்ணிக்கை அது. திரையின் உச்சியிலிருக்கும் கேமரா நம் கண்ணைக் கவனிப்பதால் எந்திரத்தை வைத்து ஏமாற்ற வழியில்லை. ஏழு வருடம் ஒரு கண்ணும் படாத கட்டுரையை, மின்சாரம் மிச்சம் என்று அழித்துவிடுவார்கள். அதற்கு 'விடுவிப்பு' என்று நாகரிகமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் 'செத்துப்போச்சு' என்போம்.

நான் ஆழ்வாரப்பன். ஆய்விதழ்ப் பிரிவில் இருபத்தெட்டு வருடம். முன்கோபி என்று பெயர் எடுத்தவன். அதில் பொய் ஒன்றும் இல்லை. தினமும் அறுபது கட்டுரைகளைக் காப்பாற்றும் இந்த வழக்கத்தைத் தொடங்கியவனும் நான்தான். போன வருடம் பதிவேட்டைப் பார்த்தபோது, ஆறாம் திரையில் ஒரே கட்டுரை திரும்பத் திரும்பத் திறக்கப்படுவது தெரிந்தது. உடனே கொதித்துப்போய் ஒரு சுற்றறிக்கை விட்டேன். 'ஒரு கட்டுரையைத் திரும்பத் திறப்பது இன்னொரு கட்டுரையைக் கொல்வதற்குச் சமம். மீறினால் விளக்கம் கேட்கப்படும்.' அது என்ன கட்டுரை என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. கோபக்காரர்களுக்கு அந்த அளவுக்குப் பொறுமை ஏது?

ஒரு திங்கட்கிழமை, ஜெனிட்டா என்ற பெண் என் மேசைக்கு வந்தாள். பொது சுகாதாரத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவள். முகத்தில் தூக்கம் இல்லை.

"சார், ஒரு கட்டுரை வேணும். அவசரம்."

"அவசரம்னா விடைப்பொறியக் கேக்க வேண்டியதுதானம்மா. அரை நொடியில சொல்லிருமே."

"கேட்டுட்டேன் சார். ஆபத்து எதுவும் இல்லன்னு சொல்லுது. அதான் பயமா இருக்கு."

இப்படிப் பேசுகிற பிள்ளையை உட்காரச் சொல்லாமல் இருக்க முடியுமா? நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"நீள்மூச்சு ஊசியப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. ரத்தத்துல ஆக்சிஜனைச் சேத்து வச்சுக்கிடுற மருந்து. இப்ப ஒன்றரை நிமிஷம் மூச்சடக்குற குளியாளி, ஊசி போட்டா பதினஞ்சு நிமிஷம் கடலுக்கடியில இருக்கலாம்."

"நல்ல விஷயந்தானே?"

"எங்க அண்ணனும் அப்பிடித்தான் சொல்லுதான். அவன் சங்கு குளிக்கவன். சனிக்கிழமை ஊசி முகாம். நம்ம தூத்துக்குடியிலதான் மொதல்ல போடுதாவ. முந்நூறு பேர் பேரு குடுத்திருக்காங்க. லிஸ்ட்ல மொதப் பேரே ரோமால்ட். எங்க அண்ணன்."

அவள் கைப்பேசியை என் பக்கம் திருப்பினாள். ஏதோ ஒரு மருத்துவக் கட்டுரையின் நடுவில் ஒரே ஒரு வரி. 'இதை ஒத்த மருந்தைத் தென்னிந்தியக் குளியாளிகளிடம் சோதித்தபோது ஒரு மரணம் நேர்ந்தது.' கீழே அடிக்குறிப்பு: ஹார்ம்சன் மற்றும் பலர், இதழின் சுருக்கப் பெயர், தொகுதி 31, பக்கம் 211. அவ்வளவுதான். தலைப்புகூட இல்லை.

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தினது. இதை மேற்கோள் காட்டுற பதினாலு கட்டுரையைக் கண்டுபிடிச்சேன். எல்லாத்துலயும் இதே வரி, இதே அடிக்குறிப்பு. என்ன நடந்துச்சு, ஏன் செத்தாங்கன்னு ஒருத்தரும் எழுதல. வியாழக்கிழமை நெறிமுறைக் குழு கூடுது. அங்க காட்டிட்டா முகாமை நிறுத்திரலாம். ஆனா உயிரோட இருக்குற கட்டுரையைத்தான் சான்றா ஏத்துக்கிடுவாங்க."

பெட்டகத்தில் இதழின் பெயர், தொகுதி, பக்கம் மூன்றையும் கொடுத்தேன். 'இந்த முகவரியில் பதிவு இல்லை' என்று வந்தது. ஆசிரியர் பெயரை வைத்துத் தேடும் வசதியை எட்டு வருடத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். யாரும் பயன்படுத்துவதில்லையாம்.

"செத்துப்போச்சும்மா," என்றேன்.

"அப்பிடிச் சொல்லாதீங்க சார்."

"இருபத்தெட்டு வருஷமா இதே வேலை பாக்கேன். பதிவு இல்லன்னா இல்லதான்."

அவள் எழுந்து போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. என் மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்து, காகிதப் பிரதி வைத்திருக்கக்கூடிய நூலகங்களின் பட்டியலைக் கேட்டாள். பத்தொன்பது நூலகங்களுக்கு எழுதினோம். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் பதினாறு பதில்கள் வந்தன. 'ஆலைக்கு அனுப்பப்பட்டது' என்பதைப் பதினாறு விதமாக எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும் வருத்தம் தெரிவித்திருந்தார்.

புதன்கிழமை மதியம். அவள் சாப்பிடக்கூடப் போகாமல் அலமாரிகளுக்கிடையே நடந்துகொண்டிருந்தாள். கடைசி இரும்பு ரேக்குக்குக் கீழே குனிந்து, "இதெல்லாம் என்ன சார்?" என்றாள்.

"பழைய பொருளடக்கம். முன்னயெல்லாம் ஒவ்வொரு ஆய்விதழ் வந்ததும் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, எல்லாத் துறைக்கும் சுத்துக்கு விடுவோம். எந்தக் கட்டுரை வேணுமோ அதுல டிக் அடிச்சு அனுப்புவாங்க. இதழையெல்லாம் லாரியில ஏத்தும்போது இது மட்டும் கண்ணுல படாமத் தப்பிச்சிட்டு."

உண்மையில் நான்தான் லாரிக்காரர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. அந்த இதழைத் தருவித்தது மீன்வளத் துறை. அவர்கள் கோப்பை இழுத்துத் தரையிலேயே விரித்தாள். தொகுதி 31 இருந்தது, நான்கு இதழ்களும். விரலை வைத்து ஓட்டிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தாள்.

"சார், பக்கம் இருநூத்திப் பதினொண்ணுல இறால் தீவனத்தைப் பத்தின கட்டுரைல்லா ஓடுது. இருநூத்தி நாலுல ஆரம்பிச்சு இருநூத்திப் பதினெட்டுல முடியுது."

"தொகுதி சரிதானா?"

"சரிதான். பக்கந்தான் தப்பு." விரல் மேலே போயிற்று. அப்புறம் கத்தினாள். நூலகம் என்பதையே மறந்து கத்தினாள். "ஹார்ம்சன்! நூத்தி இருபத்தொண்ணு சார்! இருநூத்திப் பதினொண்ணு இல்ல, நூத்தி இருபத்தொண்ணு!"

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. நடந்தது இதுதான். முதலில் மேற்கோள் காட்டிய புண்ணியவான் எண்ணை மாற்றி எழுதிவிட்டான். இரண்டாமவன் கட்டுரையைத் திறந்து பார்க்காமல் முதலாமவனின் அடிக்குறிப்பைப் பார்த்து எழுதினான். மூன்றாமவன் இரண்டாமவனைப் பார்த்து எழுதினான். இப்படியே பதினான்கு பேர். படித்ததாகப் பதினான்கு பேரும் சாதித்த கட்டுரையை, முதலாமவனைத் தவிர ஒருத்தன்கூடப் படித்ததில்லை. எங்கள் ஆய்வுலகத்துக்கே உரிய காப்பியடிப்பு இது. பரீட்சையில் பள்ளிக்கூடத்துப் பையன் செய்தால் வெளியே நிறுத்துவார்கள்.

"யாருமே தெறந்திருக்க மாட்டாங்களே சார்," என்றாள் ஜெனிட்டா. குரல் இறங்கிவிட்டது. "அப்போ நெசமாவே செத்திருக்கும்."

புது முகவரியைத் தட்டினேன். தொகுதி 31, பக்கம் 121.

திறந்தது.

'ஆழமற்ற விரிகுடாவில் பன்னிரண்டு குளியாளிகள்: சில அவதானிப்புகள்' என்று ஒரு தலைப்பு. மருந்து என்ற சொல்லே தலைப்பில் இல்லை. பிரிவு: மீன்வளம். விடைப்பொறி ஏன் காணவில்லை என்பது இப்போது புரிந்தது. மருத்துவக் கேள்விக்கு அது மருத்துவப் பிரிவில் மட்டுந்தான் தேடும். வார்டு மாறிப் படுத்திருந்த நோயாளியை எந்த டாக்டர் வந்து பார்ப்பார்?

ஓரத்தில் சூட்டெண் ஒளிர்ந்தது. 2,941. கடைசியாகப் பார்க்கப்பட்டது: இன்று காலை 8.52. இடம்: எங்கள் நூலகம். ஆறாம் திரை.

நான் திரும்பிப் பார்த்தேன். செபஸ்தியம்மா கையில் தூசுத் துணியோடு ரேக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"கோவப்படாதீங்க சார். சுத்தறிக்கைக்குப் பொறவு என் பத்தையும் ஒழுங்காத் தெறந்துருதேன். இது பதினொண்ணாவது. இதுக்காவத்தான் வெள்ளனமே வாரேன்."

"எத்தனை வருஷமா?"

"பதினோரு வருஷம் இருக்கும் சார்."

"இதுல என்ன இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"எனக்கு இங்கிலீசு தெரியாதுல்லா. படம் இருக்குற கட்டுரையாப் பாத்துத் தெறப்பேன். அப்பிடி ஒரு நாள் இது வந்துச்சு." துணியைக் கீழே வைத்துவிட்டு வந்து, கட்டுரையின் நாலாம் பக்கத்துக்குத் தானே தள்ளினார். கடற்கரையில் பன்னிரண்டு ஆண்கள் வரிசையாக நிற்கும் புகைப்படம். மார்பில் எண் எழுதிய அட்டைகள். "இந்தா, ஏழாம் நம்பர். எங்க வீட்டுக்காரரு. தொம்மை. வீட்டுல அவரு போட்டோ ஒண்ணுகூடக் கெடையாது சார். இருந்த கல்யாணப் போட்டோவையும் கடல் வெள்ளம் கொண்டு போயிட்டு. அதான் தெனமும் வந்து..."

என்னால் தலைநிமிர முடியவில்லை. தினமும் மூன்று நிமிடம் புருஷன் முகத்தைப் பார்க்க வந்த மனுஷிக்கு நான் சுற்றறிக்கை விட்டிருக்கிறேன்.

ஜெனிட்டா இதற்குள் கட்டுரையைப் படிக்கத் தொடங்கியிருந்தாள். படிக்கப் படிக்க அவள் கை வாயைப் பொத்தியது.

"பெரியம்மா, அவுங்களுக்கு ஏதாவது ஊசி போட்டாங்களா?"

"ஆமா, சத்து ஊசின்னு போட்டாவ. வெளிநாட்டுக்காரங்க படகுல வந்து. ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சுது? அதுல என்ன எழுதியிருக்கு மக்ளே?"

ஜெனிட்டா என்னைப் பார்த்தாள். நான் கோழைத்தனமாக, "நாளைக்கு ஒரு நாள் போகட்டும் செபஸ்தியம்மா. முழுசாப் படிச்சுச் சொல்லுதேன்," என்றேன்.

வியாழக்கிழமை நெறிமுறைக் குழுவில் நானும் சாட்சிக்குப் போனேன். தலைவர் டாக்டர் தமயந்தி. எதிர்ப்பக்கம் ஊசி நிறுவனத்தின் அதிகாரி கௌசிக். அவர் கொண்டுவந்த கட்டுரைக்கு நல்ல சூட்டெண் என்று பெருமையாகத் தொடங்கினார். எண்ணூற்றுப் பன்னிரண்டு.

ஜெனிட்டா எழுந்தாள்.

"ஊசியோட பலன் ரெண்டு நாள்ல தீர்ந்துடும் மேடம். ஆனா அந்த ரெண்டு நாள்ல உடம்பு ஒண்ணை மறந்துடுது. மூச்சு முட்டுற உணர்வை. அது திரும்பி வர அஞ்சு நாள் ஆகுது. மூணாம் நாள் கடல்ல இறங்குறவனுக்கு உள்ள ஆக்சிஜன் தீர்ந்திருக்கும், ஆனா மேல வரணும்னு தோணாது. சங்கு பொறுக்கிக்கிட்டே நினைவு தப்பிடும். பன்னிரண்டு பேர்ல ஏழு பேருக்கு மயக்கம். ஒருத்தர் சாவு. நம்ம ஆளுங்க சீசன்ல தினமும் இறங்குறவங்க. கம்பெனி சோதனை பண்ணினது எல்லாம் நீச்சல் குளத்துல, வாரம் ஒரு நாள்."

"இது மீன்வளக் கட்டுரை," என்றார் கௌசிக். "யார் படிக்கிறார்கள் இதை?"

"சூட்டெண் என்ன?" என்று கேட்டார் டாக்டர்.

சொன்னேன். கௌசிக் தன் திரையில் அவசரமாக எதையோ தேடிப் பிடித்தார்.

"மேடம், இது மோசடி! நேற்றுக் காலை வரையிலான இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொரு பார்வையும் ஒரே திரையிலிருந்து வந்திருக்கிறது. ஒரே ஆள்!"

"விதியில் எத்தனை பார்வை என்றுதான் கணக்கு. யார் பார்வை என்று எங்காவது இருக்கிறதா?" டாக்டர் தன் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, உங்களுடைய எண்ணூற்றுப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது?"

குழுவின் செயலாளர் தன் திரையில் பார்த்துச் சொன்னார், "நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மேடம். தினமும் காலை பத்து மணிக்கு, நாற்பது பேர்." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடக்கிக்கொள்ள முயலவும் இல்லை.

"சிரிப்பு இருக்கட்டும்," என்றார் டாக்டர் தமயந்தி. "சூடு கட்டுரையை உயிரோடு இந்த மேசைக்குக் கொண்டுவந்திருக்கிறது. இனி நான் உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டும்." படித்தார். முழுசாக, எங்கள் எல்லாரையும் உட்கார வைத்துவிட்டு, நாற்பது நிமிடம். குழு அறையில் ஒருவர் ஒரு கட்டுரையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முடித்ததும் முகாமுக்குத் தடை எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐந்து நாள் சோதனை நடக்காமல் ஒரு குளியாளிக்கும் ஊசி கிடையாது.

வெளியே வந்ததும் ஜெனிட்டா அண்ணனுக்குப் போன் போட்டாள். "பொழப்புல மண்ணப் போட்டுட்டியே பாவி மட்ட," என்று அவன் கத்தியது எனக்கே கேட்டது. அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தாள். "நல்லாத் திட்டுல. நூறு வயசு வரைக்கும் இருந்து திட்டு."

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே போய்விட்டேன். செபஸ்தியம்மா எனக்கு முன்பே ஆறாம் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஜெனிட்டாவும் வந்திருந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து தமிழில் எழுதிய தாளைப் பிரித்தேன். மருந்து, மூச்சு, மூன்றாம் நாள் எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னேன். அவர் திரையிலிருந்த முகத்தைப் பார்த்தபடியே கேட்டார். நான் தயங்கித் தயங்கிக் கடைசிப் பத்திக்கு வந்தேன்.

'ஏழாம் எண் குளியாளி, வயது முப்பத்தொன்று. மூன்றாம் நாள் நான்காவது முறை இறங்கியபோது மேலே வரவில்லை. உடற்கூறு ஆய்வில் இரத்தத்தில் மது இல்லை, வயிற்றிலும் இல்லை. இறப்புக்குச் சோதனை மருந்தைத் தவிர வேறு காரணம் காணப்படவில்லை.'

செபஸ்தியம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொன்னீங்க? மது இல்லன்னா?"

"குடிக்கலன்னு எழுதியிருக்கு. சோதிச்சுப் பாத்து எழுதியிருக்காங்க."

"இன்னொரு தடவ படிங்க சார்."

படித்தேன். மறுபடி கேட்டார். மறுபடி படித்தேன். மூன்றாவது தடவை முடிந்தபோது அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"குடிச்சிட்டு எறங்கித்தான் செத்தாம்னு ஊரே சொல்லிச்சு சார். ஊசி போட்ட அந்தப் படகுக்காரங்கதான் மொதல்ல சொன்னது. எம் மக கல்யாணத்துலகூட, குடிகாரன் வீடுன்னு ஒருத்தி சொல்லிட்டுப் போனா. நானே நம்பிட்டேன். தெனமும் இவரு மொகத்தப் பாத்து, ஏம்யா குடிச்சீருன்னு ஏசிட்டுத்தான் போவேன்." திரையைத் தொட்டார். "இம்புட்டு நாளும் இதுலயே இருந்திருக்கு, பாத்தீங்களா."

பதினோரு வருடம், ஒரே கூரைக்குக் கீழே, ஆங்கிலம் படித்த ஐந்து பேர் நாங்கள். 'என்ன செபஸ்தியம்மா பார்க்கிறீர்கள்' என்று ஒருத்தர் கேட்டிருந்தால் போதும். நான் அதை அவரிடமே சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வேறு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், இந்தத் தமிழை அப்பிடியே பேப்பர்ல எடுத்துத் தருவீங்களா?"

நூலகத்தில் காகிதத்தில் அச்சிடுவது தடைசெய்யப்பட்டு ஒன்பது வருடமாகிறது. எந்திரம் நூலகர் அறையில் உறை போட்டுக் கிடக்கிறது.

"எத்தனை பிரதி வேணும்?"

"எங்க தெருவுல முப்பத்தெட்டு வீடு சார். மாதா கோயில் வாசல்ல ஒட்ட ஒண்ணு."

"முப்பத்தொம்பது."

"நாப்பதா எடுங்க," என்றார் செபஸ்தியம்மா. "கடைசி தாள்ல எழுத்து வேண்டாம். அவரு மொகத்த மட்டும் பெருசா எடுத்துத் தாங்க. வீட்டுல மாட்டணும்."

நான் எழுந்து போய் எந்திரத்தின் உறையைக் கழற்றினேன்.